கோடும் கோட்டும்: ஒலியமைப்பும் சொல்லமைப்பும் சேரும் இடம்

மொழியியல் படிக்கத் தொடங்கியுள்ள ஒருவர் கேட்டிருக்கும் கேள்விகள் இவை: பல மொழிகளின் ஒலியமைப்பையும் சொல்லமைப்பையும் ஒப்பிட்டு ஆய்பவர்கள் உண்மையில் எதைத் தேடுகிறார்கள்? பாடநூல்கள் ஒலியனியலையும் (பொருளை வேறுபடுத்தும் ஒலிகள் பற்றிய ஆய்வு) உருபனியலையும் (பொருள்தரும் கூறுகளால் சொல் அமையும் முறை பற்றிய ஆய்வு) தனித்தனி இயல்களாக வைத்திருக்க, ஆய்வுக் கட்டுரைகள் மட்டும் ஏன் இரண்டையும் கலந்தே பேசுகின்றன? எல்லா மொழிகளுக்கும் பொதுவானது என்று எதுவும் கிடைத்திருக்கிறதா? மூன்றுக்கும் விடை ஓரிடத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஒரு சொல்லோடு இன்னொரு சொல்லோ உருபோ சேரும் இடத்தில் ஒலி என்ன ஆகிறது என்று பார்ப்பதே இந்த ஆய்வின் உயிர்நிலை. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் ஒன்பது இயல்களில், புணரியல் முதல் குற்றியலுகரப் புணரியல் வரை ஆறு இயல்கள் புணர்ச்சியையே பேசுகின்றன. எழுத்தைப் பற்றிச் சொல்ல வந்த ஆசிரியர், தம் நூற்பகுதியில் மூன்றில் இரண்டு பங்கை எழுத்துகள் சந்திக்கும் இடத்துக்கு ஒதுக்கினார் என்பதை நாம் போதுமான அளவு எண்ணிப் பார்ப்பதில்லை.

ஒரே சொல்லைப் பல மொழிகளில் பின்தொடர்ந்து சென்றால் இது தெளிவாகும். புத்தகம் என்னும் பொருளுடைய 'கிதாப்' என்ற அரபுச் சொல்லை எடுத்துக்கொள்கிறேன். அரபு மொழியில் இதன் பன்மை 'குதுப்'. சொல்லின் முன்னும் பின்னும் எதுவும் ஒட்டவில்லை. உள்ளே இருந்த உயிர்கள் மட்டும் மாறியிருக்கின்றன. 'காதிப்' என்றால் எழுதுபவர். 'மக்தப்' என்றால் எழுதும் இடம், அதாவது அலுவலகம். 'மக்தூப்' என்றால் எழுதப்பட்டது. இவை அனைத்திலும் க், த், ப் என்னும் மூன்று மெய்களும் அதே வரிசையில் நிற்கின்றன. எழுதுதல் என்னும் கருத்து அந்த மெய்களில் இருக்கிறது. ஆளா, இடமா, ஒன்றா, பலவா என்பது அவற்றின் இடையிலும் முன்னும் வரும் ஒலிகளின் அச்சில் இருக்கிறது. சொல்லைப் பகுதி, இடைநிலை, விகுதி என்று வரிசையாகப் பிரித்துப் பழகிய நமக்கு இது முதலில் திகைப்பைத் தரும், ஏனெனில் 'குதுப்' என்னும் சொல்லில் பிரிப்பதற்கு ஏற்ற இடமே இல்லை.

இதே சொல் துருக்கி மொழிக்குச் சென்றபோது அந்த மூன்று மெய்களும் தம் தனியுரிமையை இழந்தன. அங்கே 'கிதப்' என்பது பிரிக்க முடியாத ஒரு பகுதி. பன்மை வேண்டுமானால் விகுதி சேர்க்க வேண்டும். 'கிதப்லர்' என்றால் புத்தகங்கள். 'கிதப்லர்தன்' என்றால் புத்தகங்களிலிருந்து. ஆனால் குறிப்பேட்டைக் குறிக்கும் 'தெஃப்தெர்' என்னும் சொல்லோடு அதே விகுதிகள் 'தெஃப்தெர்லெர்', 'தெஃப்தெர்லெர்தென்' என்று வருகின்றன. பகுதியின் கடைசி உயிர் நாக்கின் பின்பகுதி எழுவதால் பிறப்பதாயின் விகுதியின் உயிரும் அவ்வாறே அமையும். முன்பகுதி எழுவதால் பிறப்பதாயின் விகுதியும் அதைத் தொடரும். இதை உயிரொலி இயைபு என்பர்.

துருக்கியில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. அரபுச் சொல்லின் ஈற்றில் இருந்தது ஒலிப்புடைய பகரம், அதாவது குரல்நாண் அதிரப் பிறப்பது. 'தம்பி' என்னும் சொல்லில் நாம் ஒலிக்கும் பகரம் போன்றது. துருக்கி மொழி சொல்லீற்றில் அதை ஏற்பதில்லை. ஆகவே தனித்து வரும்போது, 'பல்' என்பதன் முதலில் நாம் ஒலிப்பதைப் போன்ற ஒலிப்பற்ற பகரமாக அது மாறிவிடுகிறது. 'புத்தகத்துக்கு' என்று சொல்வதற்காக உயிரில் தொடங்கும் விகுதியைச் சேர்த்தவுடன் பழைய ஒலிப்புடைய பகரம் திரும்பி வருகிறது. பந்தைக் குறிக்கும் 'தொப்' என்னும் சொல்லோ, அதே விகுதி சேர்ந்தாலும் ஒலிப்பற்ற பகரத்தையே வைத்துக்கொள்கிறது. தனியே கேட்டால் இரண்டு சொற்களும் ஒரே ஒலியில் முடிகின்றன. விகுதி சேர்ந்த பிறகுதான் அவற்றின் உள்வேறுபாடு வெளிப்படுகிறது. துருக்கிமொழி பேசுபவரின் மனத்தில் அந்த இரண்டு பகரங்களும் வெவ்வேறாகப் பதிந்திருக்கின்றன என்றுதான் இதற்குப் பொருள்.

கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாகிலி மொழிக்கு இச்சொல் சென்ற கதையை நான் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு வியப்புக் குறைவதில்லை. சுவாகிலியில் பெயர்ச்சொற்கள் முன்னொட்டால் வகுக்கப்படுகின்றன. கத்தி 'கிசு', கத்திகள் 'விசு'. ஒருமைக்குக் 'கி', பன்மைக்கு 'வி'. அசைகள் உயிரில் முடிவதையே விரும்பும் மொழியாதலால் அரபுச் சொல் அங்கே 'கிதாபு' ஆயிற்று. அதன் முதலில் தற்செயலாக இருந்த 'கி'யைச் சுவாகிலி மொழியினர் தம் முன்னொட்டாகவே கேட்டனர். எனவே பன்மை 'விதாபு' ஆயிற்று. 'பெரிய புத்தகம்' என்பது 'கிதாபு கிகுப்வா', 'பெரிய புத்தகங்கள்' என்பது 'விதாபு விகுப்வா' என, அடைமொழியும் அதே முன்னொட்டை ஏற்கிறது. அரபு மொழியில் க் என்பது மூன்று வேர்மெய்களில் ஒன்று. அதை எடுத்துவிட்டால் சொல்லே இல்லை. சுவாகிலியில் அது எண்ணையும் வகுப்பையும் காட்டும் ஒட்டின் பகுதி. பன்மையில் அது மறைந்துபோகிறது. மலாய் மொழியிலோ இச்சொல்லின் பன்மையைக் காட்ட அதையே இருமுறை சொல்கிறார்கள்.

ஒரு மொழி வெளியிலிருந்து ஒரு சொல்லை எடுக்கும்போது ஒலியை முதலில் எடுத்து, சொல்லமைப்பை அதன் பிறகு தீர்மானிப்பதில்லை என்பதை இந்தப் பயணம் காட்டுகிறது. எந்த ஒலி ஈற்றில் வரலாம், எந்த அசை ஒட்டாகக் கருதப்படலாம் என்னும் இரண்டு தீர்ப்புகளும் ஒருங்கே நடக்கின்றன. ஒலியனியலையும் உருபனியலையும் தனித்தனி இயல்களில் கற்பிப்பது வகுப்பறை வசதிக்காகத்தான்.

மேலே பகரத்தை விளக்க 'தம்பி', 'பல்' என்னும் சொற்களின் துணையை நாட வேண்டியிருந்தது. தமிழ் எழுத்தில் அந்த இரண்டு ஒலிகளுக்கும் ஒரே வடிவம்தான். இதைக் குறை என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பழந்தமிழில் ஒலிப்பற்ற பகரம் சொல்முதலிலும் இரட்டிக்கும்போதும் வரும். ஒலிப்புடையது மெல்லினத்தின் பின் வரும். ஒன்று வரும் இடத்தில் மற்றொன்று வராது. இதைத் துணைநிலை வழக்கு என்பர். இவ்வாறு இடம் பிரித்துக்கொண்டு வரும் ஒலிகள் ஒரே ஒலியனின், அதாவது பொருளை வேறுபடுத்தும் ஓர் ஒலி அலகின், மாற்றொலிகள். அவற்றுக்கு ஒரே எழுத்துப் போதும் என்று முடிவு செய்தவர்கள், ஒலியன் என்னும் கருத்தை அந்தப் பெயரில்லாமலே அறிந்திருந்தார்கள். பின்னர் கடன்சொற்கள் வந்தபோதுதான் சிக்கல் தோன்றியது. தீவினையைக் குறிக்கும் 'பாவம்', முகத்தில் காட்டும் 'பாவம்' ஆகிய இரண்டையும் வேறுபடுத்தி ஒலிப்பவர்களுக்கு, சொல்முதலிலேயே அந்த வேறுபாடு பொருளை மாற்றுகிறது. மாற்றொலிகளாக இருந்தவை ஒலியன்களாகப் பிரியத் தொடங்கும் நிலை இது.

அமெரிக்க மொழியியலாளர் எட்வர்டு சபீர் 1933இல் வெளியிட்ட கட்டுரையில் இதை ஒத்த ஒரு நிகழ்வைப் பதிவு செய்திருக்கிறார். வட அமெரிக்கப் பழங்குடி மொழியான தென் பையூட்டைப் பேசிய தம் தகவலாளியிடம், 'நீர் அருகில்' என்னும் பொருளுடைய சொல்லை அசை அசையாகப் பிரித்துச் சொல்லுமாறு அவர் கேட்டார். சேர்த்துச் சொல்லும்போது அந்தச் சொல்லின் இரண்டாம் அசை, இதழ்கள் முழுதாகப் பொருந்தாமல் உரசிப் பிறக்கும் ஒலியில் தொடங்கிற்று. பிரித்துச் சொன்னபோது தகவலாளி அதைத் தெளிவான பகரத்தில் தொடங்கினார். அந்த இரண்டாம் அசை இடத்தைக் காட்டும் உருபு. அதன் அடிப்படை ஒலி பகரம். உயிரின் பின் வந்ததால்தான் அது மெலிந்தது. காதுக்கு எட்டிய ஒலியை விட்டுவிட்டு, உருபின் அடிப்படை வடிவத்தையே அவர் சொன்னார். ஒலியன் என்பது ஆய்வாளரின் கற்பனை அன்று, பேசுபவரின் மனத்தில் உள்ளது என்பதற்குச் சபீர் இதைச் சான்றாக்கினார். அந்தச் சான்று கிடைத்ததும் சொல்லும் உருபும் சேரும் இடத்தில்தான்.

இனித் தமிழிலேயே ஒன்றை நெருங்கிப் பார்க்கலாம். 'ரோடு' என்னும் சொல் ஆங்கிலத்திலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் அது மெய்யில் முடிகிறது. வல்லின மெய் சொல்லின் ஈற்றில் நிற்காது என்பது தமிழின் பழைய வரம்பு. எனவே நாம் ஓர் உகரத்தைச் சேர்த்தோம். 'நோட்டு' என்னும் சொல்லும் அவ்வாறே வந்தது. ஆனால் 'நோடு' என்று நாம் சொல்லவில்லை. உயிர்களுக்கு இடையில் வரும் ஒற்றை டகரம் தமிழில் ஒலிப்புடையதாகவே ஒலிக்கும்; ஆங்கிலச் சொல்லின் இறுதி ஒலியோ ஒலிப்பற்றது. அந்த ஒலிப்பின்மையைக் காப்பாற்ற வேண்டித் தமிழர் டகரத்தை இரட்டித்தனர். மூலமொழியில் ஒலிப்பின் வேறுபாடாக இருந்தது, தமிழில் ஒற்றை, இரட்டை என்னும் வேறுபாடாக மாறியது.

இப்போது இடப்பொருள் உருபைச் சேர்ப்போம். 'நோட்டில்' என்கிறோம், 'ரோட்டில்' என்றும் சொல்கிறோம். 'ரோடில்' என்று சொல்வோர் குறைவு. நெட்டெழுத்தின் பின்னோ, தொடர்ந்துவரும் உயிரின் பின்னோ உள்ள குற்றியலுகரச் சொற்களில் டகரமும் றகரமும் மட்டும் வேற்றுமைப் புணர்ச்சியில் பெரும்பாலும் இரட்டிக்கும் என்று நன்னூல் வகுத்தது. அதன்படிதான் நாடு, நாட்டில் என்றும், ஆறு, ஆற்றில் என்றும், கயிறு, கயிற்றில் என்றும் வருகின்றன. காது, காதில் என்றும் பாகு, பாகில் என்றும் வருவனவற்றில் இரட்டிப்பு இல்லை. பவணந்தியார் காலத்தில் 'ரோடு' என்னும் சொல் தமிழில் இல்லை. அந்தச் சொல் வந்தவுடன், இலக்கணம் படிக்காதவர்கள்கூட அதை 'நாடு', 'காடு' என்பவற்றோடு ஒரே வரிசையில் வைத்து இரட்டித்தனர். 'கார்டு' என்னும் சொல்லிலோ இடையின மெய் குறுக்கே வருவதால், 'மார்பு, மார்பில்' என்பதைப் போலக் 'கார்டில்' என்றே நிற்கிறது. விதியின் நிபந்தனை என்ன என்பது வரை மக்களின் நாவுக்குத் தெரிந்திருக்கிறது. அதே வேளையில் 'பிளேடு' என்னும் சொல்லைப் 'பிளேடால்' என்றுதான் பெரும்பாலோர் சொல்கிறார்கள். விதி புதிய சொற்களுக்கெல்லாம் தானாகப் பரவிவிடவில்லை. சில சொற்களைப் பிடித்திருக்கிறது, சிலவற்றை விட்டிருக்கிறது. ஒரு விதி எவ்வளவு ஆக்கத்திறனோடு உயிர்த்திருக்கிறது என்பதை அளக்க இத்தகைய சொற்களைவிட நல்ல கருவி கிடையாது.

இந்த இரட்டிப்பின் விளைவு ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். தாளில் இழுப்பது கோடு. சட்டைக்கு மேல் அணிவது கோட்டு. தனியே நிற்கும்போது இரண்டும் தெளிவாக வேறுபடுகின்றன. உருபு சேர்ந்தவுடன் இரண்டும் 'கோட்டில்' ஆகிவிடுகின்றன. எது எது என்று ஒலியைக் கொண்டு சொல்ல முடியாது. துருக்கி மொழியில் தனிச்சொல் வேறுபாட்டை மறைத்தது, விகுதி அதை வெளிக்காட்டியது. தமிழில் தனிச்சொல் வேறுபாட்டைக் காட்டுகிறது, உருபு அதை மறைக்கிறது. இனமொழிகளைப் பார்த்தால் மலையாளத்திலும் 'நாட்டில்' என்று இரட்டிப்பு உண்டு; கன்னடத்தில் 'நாடினல்லி' என்று இரட்டிப்பின்றி வருகிறது. ஒரே குடும்பத்துக்குள்ளேயே இந்த விதி எங்கே உண்டு, எங்கே இல்லை என்று வரைந்து பார்ப்பது ஒப்பாய்வின் அடிப்படை வேலைகளுள் ஒன்று.

இரட்டிப்பு தமிழில் இன்னொரு பணியையும் செய்கிறது. ஓடு, ஓட்டு, ஆறு, ஆற்று, பெருகு, பெருக்கு, திரும்பு, திருப்பு, அடங்கு, அடக்கு. தானே நிகழ்வதைக் குறிக்கும் வினையின் ஈற்று மெய்யை வலித்தால், அதை நிகழ்விப்பதைக் குறிக்கும் வினை கிடைக்கிறது. இங்கே பிறவினைப் பொருளைத் தரும் உருபன், அதாவது பொருள்தரும் மிகச் சிறிய கூறு, எது? 'திருப்பு' என்னும் சொல்லில் அதைத் தனியே சுட்டிக்காட்ட இயலாது. உருபன்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்படும் துண்டுகள் என்று கொள்வதா, அல்லது ஒரு சொல்லை இன்னொன்றாக மாற்றும் செயல்கள் என்று கொள்வதா என்னும் வழக்கைச் சார்லஸ் ஹாக்கெட் 1954இல் இரண்டு மாதிரிகளாகத் தெளிவாக முன்வைத்தார். இன்று வரை அது தீரவில்லை. 'மரங்களை' என்பதைப் பார்ப்பவர் முதல் கட்சியில் சேர்வார். 'அடங்கு, அடக்கு' என்பதைப் பார்ப்பவர் இரண்டாம் கட்சியில் சேர்வார். ஒரே மொழி இரண்டு கட்சிக்கும் சான்று தருகிறது என்பதால், எந்த ஒரு மாதிரியையும் முழு உண்மையாக ஏற்க நான் தயங்குகிறேன்.

பொதுமை பற்றிய கேள்விக்கு வருகிறேன். ஒலிகளின் எண்ணிக்கையில் மொழிகள் பெரிதும் வேறுபடுகின்றன. பாப்புவா நியூ கினியின் ரொடோகாஸ் மொழியில் மெய்யொலியன்கள் ஆறு. அவாய் மொழியில் எட்டு. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில், நாவால் உறிஞ்சிச் சொடுக்கும் 'கிளிக்' ஒலிகளைக் கொண்ட மொழிகள் சிலவற்றில் நூற்றுக்கும் மேல். காக்கசுப் பகுதியிலிருந்து துருக்கிக்குப் பெயர்ந்து, 1992இல் கடைசிப் பேச்சாளரோடு மறைந்த உபிக் மொழிக்கு 84 மெய்களும், மிகச் சில உயிர்களும் இருந்தன. அந்த மனிதர் உயிரோடு இருந்தபோதே ஆய்வாளர்கள் அவரிடம் சென்று பதிவு செய்ததால்தான் மனித வாய்க்கு இத்தகைய அமைப்பும் இயலும் என்று நமக்குத் தெரியும். இயன் மேடிசன் 562 மொழிகளைக் கொண்டு கணக்கிட்டபோது மெய்களின் சராசரி 22.7 என்று வந்தது. உயிர்களில், நெடில் குறில் வேறுபாட்டை விட்டுவிட்டுப் பார்த்தால், ஐந்து உயிர்கள் கொண்ட அமைப்பே மிகுதி. அவர் பார்த்த மொழிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அத்தகையவை. தமிழும் அவ்வாறே அ, இ, உ, எ, ஒ என்னும் ஐந்தின் குறிலும் நெடிலுமாக அமைந்தது. வாயினுள் இருக்கும் இடத்தில் உயிர்கள் ஒன்றையொன்று நெருக்காமல் விலகி நிற்க முயலும் என்று 1972இல் லில்யன்கிராண்ட்சும் லிண்ட்புளோமும் கணினியில் காட்டினர். கேட்பவருக்குக் குழப்பம் வராமல் இருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

சொல்லமைப்பில் கிடைத்த பொதுமைகள் இன்னும் சுவையானவை. மேத்யூ டிரையர் 969 மொழிகளை ஆய்ந்தபோது, பின்னொட்டையே பெரிதும் சார்ந்தவை 406, முன்னொட்டையே பெரிதும் சார்ந்தவை 58 என்று கண்டார். இந்தச் சாய்வுக்கு இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. சொல்லின் தொடக்கத்தைக் கொண்டுதான் கேட்பவர் அதை அடையாளம் காண்கிறார்; ஆகவே தொடக்கத்தைப் பகுதிக்கே விட்டுவைப்பது மொழிக்கு நல்லது என்பது ஒன்று. தனிச்சொற்கள் காலப்போக்கில் தேய்ந்து ஒட்டுகளாவதன் வழியே இதை விளக்க வேண்டும் என்பது மற்றொன்று; 'இடம்' என்னும் பெயர் 'என்னிடம்' என்பதில் உருபாகிவிட்டதைப் போல. இரண்டாவது விளக்கமே எனக்கு வலுவுடையதாகத் தோன்றுகிறது, ஏனெனில் அது நிகழ்ந்த வழியைக் காட்டுகிறது. முதலாவது, நிகழ்ந்தது ஏன் நிலைத்தது என்பதை மட்டுமே சொல்கிறது.

ஜோசப் கிரீன்பர்க் 30 மொழிகளைக் கொண்டு 1963இல் வெளியிட்ட 45 பொதுமைகளில் ஒன்று, எண்ணைக் காட்டும் உருபும் வேற்றுமை உருபும் ஒரே பக்கத்தில் ஒட்டுமானால் எண்ணுருபே ஏறத்தாழ எப்போதும் பகுதிக்கு அருகில் நிற்கும் என்பது. 'மரங்களை' என்கிறோம், வேற்றுமையை முன்வைத்துப் பன்மையைப் பின்வைப்பதில்லை. 'என் வீடுகளில்' என்பதைத் துருக்கி மொழி 'எவ்-லெர்-இம்-தெ' என்று வீடு, பன்மை, என், இல் என்னும் வரிசையில் சொல்லும். பின்னிஷ் மொழி 'தலோ-இ-ஸ்ஸ-னி' என்று வீடு, பன்மை, இல், என் என்னும் வரிசையில் சொல்லும். உடைமையைக் காட்டும் ஒட்டு இடம் மாறியிருக்கிறது. ஆனால் பன்மை இரண்டிலும் வேற்றுமைக்கு முன்பே நிற்கிறது. எத்தனை என்பது பொருளோடு ஒட்டியது. வேற்றுமையோ அப்பெயர் வாக்கியத்தில் எதனோடு உறவு கொள்கிறது என்பதைக் காட்டுவது. பொருளோடு நெருங்கியது ஒலியிலும் நெருங்கி நிற்கிறது.

எண்ணிக்கைகளை அப்படியே நம்பிவிடவும் கூடாது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 20 மொழிகள் ஒரு பண்பைக் கொண்டிருந்தால், அது 20 சான்றுகள் அன்று. ஒரே மூதாதையிடமிருந்து வந்த ஒரு சான்றாகவும் இருக்கலாம். அடுத்தடுத்து வாழும் மக்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் ஒலிகளைப் பெறுவதும் உண்டு. ட, ண, ள போன்ற நாவளை ஒலிகள் திராவிட மொழிகளிலும் இந்தோ ஆரிய மொழிகளிலும் முண்டா மொழிகளிலும் காணப்படுவதை மூன்று தனிச் சான்றுகளாக எண்ணுபவர் தவறிழைக்கிறார்.

துண்டுகளாகப் பிரிக்க முடியாத சொல்லமைப்புக்குத் திரும்பினால், பிலிப்பைன்சின் இலோகானோ மொழி ஓர் அருமையான செய்தியைத் தருகிறது. அங்கே பூனை 'பூசா', பூனைகள் 'புஸ்பூசா'. ஆடு 'கல்திங்', ஆடுகள் 'கல்கல்திங்'. பன்மைக்குச் சொல்லின் முற்பகுதி மீண்டும் வருகிறது. முதல் அசை இரட்டிக்கிறது என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் 'பூசா' என்பதன் முதல் அசை 'பூ' மட்டுமே. 'ஸ்' இரண்டாம் அசைக்கு உரியது. அப்படியிருக்க 'புஸ்' எப்படி வந்தது? படியெடுக்கப்படுவது அடிச்சொல்லின் ஓர் அசை அன்று. மெய், உயிர், மெய் என்னும் கனமான அசை ஒன்று வேண்டும் என்னும் வெற்றுச் சட்டகமே பன்மை உருபன்; அந்தச் சட்டகத்தை நிரப்ப வேண்டிய ஒலிகளை அது அடிச்சொல்லிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஒலி எதுவும் இல்லாத, வடிவம் மட்டுமே உள்ள உருபன் என்னும் இந்தக் கருத்தை ஜான் மெக்கார்த்தியும் ஆலன் பிரின்சும் 1980களில் வளர்த்தெடுத்தனர். அரபுச் சொற்களில் வேர்மெய்களும் உயிர்களும் தனித்தனி அடுக்குகளில் இருந்து ஒரே சட்டகத்தில் இறங்குகின்றன என்று மெக்கார்த்தி அதற்கு முன்பே காட்டியிருந்தார்.

தமிழின் எதிரொலிச் சொற்களும் இதே வகையின. புலி கிலி, பழம் கிழம் என்கிறோம்; மாடு கீடு, பேனா கீனா என்கிறோம். முதலெழுத்தின் மெய்யும் உயிரும் போய்விட்டன. ஆனால் குறில் இருந்த இடத்தில் குறிலும் நெடில் இருந்த இடத்தில் நெடிலும் நிற்கின்றன. மாத்திரை மட்டும் மாறாமல் எஞ்சியது. ஒலி வேறு, அதன் கால அளவு வேறு என்று பிரித்துவைத்துக்கொண்டால்தான் இதை ஒரே விதியாகச் சொல்ல முடியும்.

கோட்பாடுகளை விரிவாகப் பேச நான் விரும்பவில்லை. அவை மாறிக்கொண்டே இருப்பவை. பாணினி ஏறத்தாழ 4000 சூத்திரங்களில் சமஸ்கிருதச் சொல்லாக்கத்தை வகுத்தபோது, அடிப்படை வடிவத்திலிருந்து படிப்படியாக விதிகளைச் செலுத்தி வெளிவடிவத்தைப் பெறும் முறையைக் கையாண்டார். 1968இல் நோம் சாம்ஸ்கியும் மோரிஸ் ஹாலியும் ஆங்கிலத்துக்கு வகுத்த ஒலியனியல் அதே வழியில் சென்றது. 1993இல் பிரின்சும் பால் ஸ்மொலன்ஸ்கியும் விதிகளின் வரிசையைக் கைவிட்டு, ஒன்றோடொன்று முரணும் கட்டுப்பாடுகளில் எதற்கு முதலிடம் என்பதே மொழிக்கு மொழி மாறுகிறது என்றனர். இதன் பயன் கடன்சொற்களில் நன்கு தெரியும். ஈற்று வல்லினம் கூடாது என்னும் கட்டுப்பாடு பல மொழிகளில் உண்டு. அதைக் காக்கத் தமிழும் சுவாகிலியும் உயிரைச் சேர்க்கின்றன; வேறு மொழிகள் அந்த மெய்யையே விட்டுவிடுகின்றன. நோய் ஒன்று, மருந்து வேறு வேறு என்பதை விளக்க இந்த அணுகுமுறை உதவுகிறது.

விதிகள் மனத்தில் உள்ளனவா என்று ஐயுறுவோருக்கு ஆய்வுக்கூடச் சான்றுகளும் உண்டு. 1958இல் ஜீன் பெர்கோ சிறு பிள்ளைகளுக்குப் பறவை போன்ற ஓர் உருவத்தைக் காட்டி, இதன் பெயர் 'வக்', இப்போது இரண்டு இருக்கின்றன, இவை என்ன என்று கேட்டார். யாரும் அதுவரை கேட்டிராத அந்தச் சொல்லுக்குப் பிள்ளைகளில் பெரும்பாலோர், பன்மை விகுதியின் ஒலிவடிவங்களில் அங்கே பொருந்துவதைச் சேர்த்துச் சரியாகப் பன்மை சொன்னார்கள். 1984இல் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீசும், ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் இந்தியின் தகர டகர வேறுபாட்டை உணர்வதையும், பத்து முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் அந்தத் திறன் மங்கிவிடுவதையும் காட்டினர். குழந்தை தன் மொழியின் முதற்சொற்களைச் சொல்லத் தொடங்கும் முன்பே, எந்த வேறுபாடு சொற்களைப் பிரிக்கும், எது பிரிக்காது என்று அதன் காது பழகிவிடுகிறது.

கேள்வி கேட்டவர் தாமே ஒரு மொழியை ஆய விரும்பினால், சொற்பட்டியலோடு தொடங்கட்டும், ஆனால் அதோடு நின்றுவிட வேண்டாம். கொரிய மொழியில் அரிவாள், பகல், முகம் ஆகியவற்றைக் குறிக்கும் மூன்று சொற்களைத் தனியே கேட்டால் மூன்றும் 'நத்' என்றே ஒலிக்கும். பட்டியலை மட்டும் நம்பியவர் மூன்றும் ஒரே ஒலியுடையவை என்று எழுதிக்கொண்டு எழுந்துவிடுவார். எழுவாயைக் காட்டும் 'இ' என்னும் உருபைச் சேர்த்துச் சொல்லச் சொன்னால் 'நஷி', 'நஜி', 'நச்சி' என்று மூன்றும் பிரிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு பெயரையும் தனியே ஒருமுறை, உயிரில் தொடங்கும் உருபோடு ஒருமுறை, மெய்யில் தொடங்கும் உருபோடு ஒருமுறை, பன்மையில் ஒருமுறை, ஒரு முழு வாக்கியத்தின் நடுவில் ஒருமுறை எனக் குறைந்தது ஐந்து முறையேனும் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். எழுத்து வடிவத்தைப் பார்த்து எழுதாமல், கேட்டதை உலக ஒலிப்பு நெடுங்கணக்கில் எழுத வேண்டும். காது ஐயுறும் இடத்தில் 'பிராட்' போன்ற இலவச மென்பொருளில் ஒலியலையைத் திறந்து, ஒலிப்பு எங்கே தொடங்குகிறது, மெய் எத்தனை மில்லிநொடி நீள்கிறது என்று அளக்க வேண்டும். தமிழிலேயே பயிற்சி வேண்டுமானால், கடந்த நூறாண்டில் வந்து உகரத்தில் முடியும் கடன்சொற்களை ஐம்பது திரட்டி, 'இல்', 'ஐ', 'ஆல்' ஆகிய மூன்று உருபுகளையும் சேர்த்துப் பல வயதினரைச் சொல்லவைத்து, எந்தச் சொல்லில் டகரம் இரட்டிக்கிறது, யார் வாயில் இரட்டிக்கிறது, எதில் தயக்கம் வருகிறது என்று குறித்துக்கொள்ளலாம்.